எத்தனை பந்து கிடைக்கும்?

2024 ஐ.பி.எல். சீசன் முழுவதிலும் மகேந்திர சிங் தோனி சந்தித்த பந்துகள் 73. எடுத்த ரன் 161. நூறு பந்துக்கு 220 ரன் என்ற அந்த வேகத்தைப் பார்த்துச் சேப்பாக்கம் எழுந்து நின்றது; காஞ்சிபுரத்தில் நாங்களும் எழுந்து நின்றோம். அதே சீசனில், அதே அணியின் கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் 413 பந்து ஆடி 583 ரன் எடுத்தார். வேகம் 141தான். யாருக்காக டிக்கெட் வாங்குவாய் என்று கேட்டால் யோசிக்காமல் தோனி என்பேன். ஃபேன்டஸி லீக் ஏலத்தில் யாருக்குப் புள்ளி போடுவாய் என்று கேட்டால், அதே வேகத்தில் கெய்க்வாட் என்பேன். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் இந்த விளையாட்டே நடக்கிறது.

பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டு, ஜக்கார்டு அட்டை அடிக்கக் கொடுப்பது என் தொழில். எங்கள் ஃபேன்டஸி லீக்கில் தறி நெய்கிறவர்கள் உண்டு, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர் உண்டு, பள்ளி ஆசிரியர் உண்டு, காந்தி ரோட்டில் பட்டுக்கடை விற்பனையாளரும் உண்டு. பங்குனி உத்திரத்துக்கு முன்னால், ஐ.பி.எல். தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீட்டில் கூடுவோம். ஏலத்துக்கு ஆளுக்கு 100 புள்ளி கையிருப்பு. ஒவ்வொரு வீரர் பெயராகச் சொல்லச் சொல்ல ஏலம் போகும். வாங்கிய அணியைக் கடைசி ஆட்டம் வரை நாம்தான் நடத்த வேண்டும்; நடுவில் ஆள் மாற்றிக்கொள்ளலாம். சீசன் தொடங்கிய பிறகு, நம் வீரர் எடுக்கும் ரன்னுக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு இருபத்தைந்து, கேட்சுக்கு எட்டு. காசு கிடையாது. காசு கட்டி ஆடுகிற இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் மொத்தமாகத் தடை செய்தது. இந்திய அணியின் சட்டையிலேயே பெயர் போட்டிருந்த ட்ரீம்11 கூடக் காசு ஆட்டத்தை நிறுத்தியது. எங்களுக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. அன்றன்றைக்குப் பதினொரு பேரைத் தேர்ந்து காசு வைப்பது வேறு ஆட்டம். இரண்டு மாதம் ஒரே அணியை வைத்துக் கட்டிக் காப்பது வேறு ஆட்டம். நான் உயிரைக் கொடுத்து ஆடுவது இரண்டாவதைத்தான்.

இந்த ஆட்டத்தின் தாய்வீடு கிரிக்கெட் அல்ல, பேஸ்பால். 1980-இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் தொடங்கியது. அவர்கள் கூடிப் பேசிய ஒரு பிரெஞ்சு உணவகத்தின் பெயரால் அதற்கு ரோட்டிசரி லீக் என்று பெயர் வந்தது. உண்மையான வீரர்களை ஏலத்தில் எடுத்து, சீசன் முழுக்க அவர்கள் செய்வதைக் கணக்கிட்டு ஜெயிப்பது என்ற அடிப்படை அங்கிருந்து வந்ததுதான். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1977-இல், பில் ஜேம்ஸ் என்பவர் பேஸ்பால் புள்ளிவிவரங்களை அலசிச் சொந்தச் செலவில் புத்தகம் போடத் தொடங்கியிருந்தார். எண்ணைக் கேள்வி கேட்பது எப்படி என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

ஆனால் அவர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பேஸ்பாலில் ஓர் அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடும். அவ்வளவு ஆட்டத்தில் அதிர்ஷ்டம் கரைந்துவிடும். மிஞ்சுகிற எண் ஓரளவு ஆளின் திறமையைச் சொல்லும். ஐ.பி.எல்.-இல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம். ஒரு பேட்ஸ்மேன் இரண்டு முறை ரன் அவுட் ஆகி, ஒரு முறை நடுவர் கை தூக்கி, ஒரு முறை எல்லைக்கோட்டில் யாரோ பறந்து பிடித்தால் சீசனில் கால்வாசி போய்விடும். 14 ஆட்ட ரன்னை வைத்து ஒருவரை எடைபோட எனக்கு மனம் வருவதில்லை. ரன் சொல்லாததை வேறொன்று சொல்லும். அவருக்கு அணி என்ன வேலை கொடுத்திருக்கிறது? எந்த ஓவரில் உள்ளே வருகிறார்? பந்து வீச்சாளர் என்றால் எந்த ஓவர்கள் அவருக்கு? அதிர்ஷ்டம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். வேலை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பேஸ்பால்காரர்களுக்கும் இது தெரிந்ததுதான். ஜெயிக்கிற ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் வந்து முடித்துக் கொடுக்கிற பந்து வீச்சாளருக்கு அங்கே 'சேவ்' என்று ஒரு கணக்கு உண்டு. அணியில் அவரைவிடச் சிறந்த பந்து வீச்சாளர் இருக்கலாம். ஆனால் கடைசி இன்னிங்ஸ் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சேவ். மேலாளர் அந்த வேலையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் மறுநாளே ஃபேன்டஸி ஆடுகிற அத்தனை பேரும் அந்த வேறொருவரைத் தேடி ஓடுவார்கள்.

நம் ஊரில் அதற்குச் சரியான இணை, இன்னிங்ஸின் கடைசியில் வரும் டெத் ஓவர். 2013-இல் டுவைன் பிராவோ 32 விக்கெட் எடுத்தார். 2021-இல் ஹர்ஷல் படேல் அதே 32. ஒரே சீசனில் அதற்கு மேல் யாரும் எடுத்ததில்லை. இரண்டு பேரும் மிரட்டும் வேகக்காரர்கள் அல்ல. மெதுபந்தை நம்பிக் கடைசி ஓவர்களில் வீசியவர்கள். பேட்ஸ்மேன் எதைப் போட்டாலும் அடித்தே ஆக வேண்டிய நேரத்தில் பந்து கையில் இருந்தால் ரன்னும் போகும், விக்கெட்டும் விழும். 2024-ஐப் பாருங்கள். ஜஸ்பிரித் பும்ரா ஓவருக்கு ஆறரை ரன்னுக்கும் குறைவாகக் கொடுத்து 20 விக்கெட் எடுத்தார். ஹர்ஷல் படேல் ஓவருக்குப் பத்தை ஒட்டி ரன் கொடுத்து 24 விக்கெட் எடுத்தார். எந்த கேப்டனும் பும்ராவைத்தான் கேட்பார். ஆனால் எங்கள் விதியில் சிக்கனத்துக்குப் புள்ளி கிடையாது. பும்ராவுக்கு விக்கெட் கணக்கில் 500, ஹர்ஷலுக்கு 600. ஏலத்தில் பும்ரா போன விலையில் ஹர்ஷலையும் இன்னொருவரையும் சேர்த்து எடுக்கலாம். அதனால் புதிதாக ஆட வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, வீரர் பட்டியலை அப்புறம் பார், விதிப் புத்தகத்தை முதலில் படி என்பதுதான். உன் லீக் எதற்குக் கூலி கொடுக்கிறது என்று தெரியாமல் யார் நல்ல வேலைக்காரர் என்று சொல்ல முடியாது.

இனி சுனில் நரைன். இவரைப் பற்றி நிதானமாகவே பேச வேண்டும். எங்கள் ஆட்டத்தின் பாதிக் கல்வி இவர் ஒருவரிடமே இருக்கிறது.

2023-இல் நரைன் கொல்கத்தாவுக்காக 14 ஆட்டத்திலும் ஆடினார். கீழ் வரிசையில் இறங்கி, சீசன் முழுக்க அவர் எடுத்த ரன் 21. விக்கெட் 11. எங்கள் கணக்கில் 296 புள்ளி. 2024-இல் அதே நரைன், அதே கொல்கத்தா. கௌதம் கம்பீர் ஆலோசகராகத் திரும்பி வந்து, நரைனை மீண்டும் தொடக்க ஆட்டக்காரராக அனுப்பினார். 488 ரன், 17 விக்கெட். 913 புள்ளி. ஒரு வருடத்தில் மனிதர் மும்மடங்கு திறமைசாலி ஆகிவிடவில்லை. அவருக்குப் பந்து கிடைத்தது, அவ்வளவுதான். அதுவும் புதிதல்ல, 2017-இலேயே தொடக்கத்தில் இறங்கிப் பெங்களூருக்கு எதிராக 15 பந்தில் அரைசதம் அடித்தவர், 2018-இல் 357 ரன்னும் 17 விக்கெட்டும் எடுத்துத் தொடரின் சிறந்த வீரராக வந்தவர். கம்பீர் திரும்பி வருகிறார் என்ற செய்தி 2023 நவம்பரிலேயே வந்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது 2017-இல் நரைனைத் தொடக்கத்தில் இறக்கிவிட்ட கேப்டன் யார் என்று நினைவுக்கு வந்தவருக்கு, மார்ச் ஏலத்தில் நரைன் பெயர் வந்ததும் கை தானாக உயர்ந்திருக்கும்.

எங்கள் ஏலத்தில் அன்று கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. "என்னண்ணா, எட்டாவது எறங்குறவனுக்குப் போய் இவ்ளோ ஏத்துற?" என்றான் பட்டுக்கடைத் தம்பி. "ஓப்பனிங் எறங்குனான்னா?" என்றார் கணக்கர். "எறங்குனாத்தானே!" அந்த 'எறங்குனா'வுக்கு என்ன விலை வைப்பது என்பதுதான் ஏலத்தின் சூட்சுமம். நடந்தால் மும்மடங்கு, நடக்காவிட்டால் பழைய விலைக்கு நஷ்டமில்லை என்கிற இடங்களைத் தேடித் தேடிப் போட வேண்டும்.

இதைச் சேலைக்காரன் கண்ணில் சொன்னால், ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கிற மாதிரி. மேலே எல்லா ஜரிகையும் மின்னும். அசல் காஞ்சிபுரம் ஜரிகையில் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கம்பிக்கு உள்ளே சிவப்புப் பட்டு நூல் ஓடும். நகத்தால் கம்பியை விலக்கினால் அந்தச் சிவப்பு தெரிய வேண்டும். வீரரின் பெயர், போன வருட ரன், அணி கொடுத்த கோடி எல்லாம் மேல் மின்னல். உள்ளே ஓடுகிற நூல் அவருக்குக் கிடைக்கிற பந்து.

கோடியை நம்பி ஏமாந்தவர்கள் எங்கள் லீக்கில் உண்டு, உலகம் முழுக்கவும் உண்டு. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தில் ரிஷப் பந்தை லக்னோ 27 கோடிக்கு எடுத்தது. ஐ.பி.எல். வரலாற்றிலேயே அதுவரை இல்லாத விலை. 2025 சீசனில் அவர் எடுத்தது 269 ரன். அதில் 118 கடைசி லீக் ஆட்டத்தில் வந்தது. அந்த 27 கோடியில் கேப்டன் பொறுப்புக்கு ஒரு பங்கு, விக்கெட் கீப்பருக்கு ஒரு பங்கு, இந்திய வீரர் என்பதற்கு ஒரு பங்கு, போட்டிக்கு நின்ற அணிகளின் வீம்புக்கு ஒரு பங்கு. ஃபேன்டஸி லீக்கில் கேப்டனுக்கும் வீம்புக்கும் புள்ளி கிடையாது.

காஞ்சிபுரத்தில் இன்னொரு வீம்பும் உண்டு, மஞ்சள் வீம்பு. சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர் யார் பெயர் வந்தாலும் விலை தன் தகுதிக்கு மேல் ஏறிவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அந்த அணி என்றால் உயிர். ஆனால் ஏலத்தில் உட்காரும்போது மற்றவர்களின் பாசம் எங்கே பாய்கிறது என்று பார்த்து, அது பாயாத இடத்தில் வாங்க வேண்டும். எங்கள் ஊரில் பஞ்சாப், லக்னோ வீரர்கள் எப்போதும் மலிவு. ஆல் ரவுண்டர் என்ற பட்டத்திலும் கவனம் வேண்டும். ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை மாற்றவிடும் இம்பாக்ட் பிளேயர் விதி 2023-இல் வந்த பிறகு அந்தப் பட்டத்தின் பாதி கழன்றுவிட்டது. ஷிவம் துபே 2024-இல் 396 ரன் எடுத்தார். பந்து வீசியது சீசன் முழுக்க ஒரே ஓவர். அவரை ஆல் ரவுண்டர் விலைக்கு எடுத்தவர் விக்கெட் புள்ளிக்குக் காத்திருந்து பயனில்லை. அந்த விதி துபே, வாஷிங்டன் சுந்தர் போன்றவர்களைப் பந்து வீசவிடாமல் செய்கிறது என்று ரோஹித் சர்மாவே வெளிப்படையாகச் சொன்னார்.

ஏலம் ஒரு நாள்தான். அதற்குப் பிறகுதான் உண்மையான உழைப்பு, அதைத்தான் பலர் செய்வதில்லை.

என் நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். இடது பக்கம் பேட்ஸ்மேன் எந்த ஓவரில் வந்தார், எத்தனை பந்து ஆடினார். வலது பக்கம் பந்து வீச்சாளருக்கு எந்தெந்த ஓவர். ரன்னும் விக்கெட்டும் கடைசிக் கட்டத்தில், பென்சிலில். 2024 ஏப்ரல் 14, வான்கடே ஆட்டத்துப் பக்கத்தில் தோனிக்கு நேராக '20-ஆவது ஓவர், 4 பந்து' என்று இருக்கிறது. அதன் ஓரத்தில் பென்சிலில் 20. ஹர்திக் பாண்டியாவை அடுத்தடுத்து மூன்று சிக்ஸர் அடித்த அந்த ஓவரை யார் மறப்பார்? சென்னை அன்று 20 ரன்னில்தான் ஜெயித்தது. ஆனால் அந்த நோட்டுக்கு அது நான்கு பந்து. அதே பக்கத்தில் சென்னைப் பந்து வீச்சாளர் பதிரானாவின் ஓவர்களையும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அன்று அவருக்கு 4 விக்கெட். அடுத்த நாள் காலையில் அவரைப் பற்றி யாராவது மாற்றுக் கேட்டு வந்தால் என்ன விலை சொல்ல வேண்டும் என்பது அந்தக் கோட்டில் இருந்தது.

இந்த நோட்டு அதிகம் உதவுவது ஒருவரைக் கழற்றிவிடாமல் இருப்பதற்கு. 2025-இல் அபிஷேக் சர்மாவின் முதல் ஐந்து ஆட்டத்தையும் சேர்த்தால் 51 ரன். லீக் லீக்காக அவரைக் கைவிட்டார்கள். எங்கள் லீக்கில் அவரை வைத்திருந்த நெசவாளர் அண்ணன் கோபத்தில் இருந்தார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஓப்பனிங்லேர்ந்து எறக்கிட்டாங்களா?" இல்லை. ஹைதராபாத் அணி அவரை அசைக்கவே இல்லை. பவர்பிளே முழுக்க அவருக்காகக் காத்திருந்தது. ஏப்ரல் 12 அன்று பஞ்சாபுக்கு எதிராக 55 பந்தில் 141 அடித்தார். அது நடக்காமலும் போயிருக்கலாம். ஆனாலும் வைத்திருந்தது சரி. வேலை இருக்கிற வரை ஆளை வைத்திரு. ரன் வந்துகொண்டிருந்தாலும் வேலை போனால் விற்றுவிடு. தொடக்கத்தில் ஆடி நாற்பது, ஐம்பது என்று எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், அணிக்கு வெளிநாட்டுத் தொடக்க ஆட்டக்காரர் வந்து சேர்ந்ததும் ஐந்தாம் இடத்துக்கு இறங்கினார் என்றால், அவர் பெயர் இன்னும் பளபளப்பாக இருக்கும் அந்த ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் சூர்யகுமார் யாதவ். அதே 2025-இல் ஆடிய 16 இன்னிங்ஸிலும் 25 ரன்னுக்குக் குறையாமல் எடுத்து 717 சேர்த்தார். இப்படி ஓர் ஆளை வாங்கிவிட்டால் மீதி அணியில் துணிந்து பரீட்சை செய்யலாம். ஓர் அணியில் இப்படி இரண்டு பேர் அடித்தளமாக இருந்தால் போதும் என்பது என் கணிப்பு. மூன்றாவது நிதானக்காரருக்குப் புள்ளி செலவழிப்பதைவிட, 'எறங்குனா' வகை ஆட்கள் இரண்டு பேரை எடுப்பேன்.

காயம் வந்தால் காயப்பட்டவரைப் பற்றி வருத்தப்பட்டு முடிப்பதற்குள் அவர் இடம் யாருக்கு என்று கேட்டுவிட வேண்டும். 2025 ஏப்ரலில் முழங்கைக் காயத்தால் கெய்க்வாட் விலகினார். தோனி மீண்டும் கேப்டன். எங்கள் ஊரே தோனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கெய்க்வாட்டுக்குப் பதிலாகச் சேர்க்கப்பட்டவர் மும்பையைச் சேர்ந்த ஆயுஷ் மாத்ரே, 17 வயது. கடைசி இடத்தில் கிடந்த அணிக்கு இழக்க ஒன்றுமில்லை. சின்னப் பையனைத் தொடக்கத்தில் இறக்கி வைத்துப் பார்க்கும் என்று கணிக்க முடிந்தது. மே 3 அன்று பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94. தோற்கிற அணிகளைக் கடைசி மூன்று வாரம் உன்னிப்பாகப் பாருங்கள். அடுத்த வருடத்து ஆட்களுக்கு அங்கேதான் பந்து கிடைக்கும்.

அந்த மே மாதத்திலேயே, எல்லைப் பதற்றத்தால் ஆட்டங்கள் ஒரு வாரம் நின்று, 17-ஆம் தேதி மீண்டும் தொடங்கின. மிட்செல் ஸ்டார்க் திரும்பி வரவில்லை. ஜாஸ் பட்லர் இங்கிலாந்து அணிக்காகப் பிளே ஆஃபுக்கு முன்பே கிளம்பினார். அவர் இடத்துக்குக் குசால் மெண்டிஸ் வந்தார். அந்த ஒரு வாரத்தில் ஆட்டமே இல்லை, ஆனால் எங்களுக்கு அதுதான் அதிக வேலை. எந்த நாட்டுக்கு எப்போது தொடர், யார் திரும்புவார், யார் இடம் காலியாகும் என்று பட்டியல் போட்டோம். வரதரின் வைகாசிக் கருட சேவைக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. கோர்வைச் சேலை தறியில் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து நாடா போட்டுக்கொண்டே பட்லருக்குப் பதில் யார் என்று வாதம் செய்ததைக் கேட்டுக்கொண்டு நின்றேன். நான் ஏன் இதை ஆடுகிறேன் என்று யாராவது கேட்டால் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போவேன். அங்கே பிள்ளைகள் பெரியவர்களிடம் காரணம் கேட்கிறார்கள். பெரியவர்கள் காரணம் சொல்கிறார்கள்.

ஜூன் 3 அன்று பெங்களூரு கோப்பை வாங்கியது. இரண்டு நாள் கழித்துத் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. ஐ.பி.எல். முடிந்ததும் நோட்டை மூடி வைக்கிறவர்கள் அடுத்த மார்ச்சில் வெறுங்கையோடு ஏலத்துக்கு வருவார்கள். டி.என்.பி.எல். 2016-இல் தொடங்கியது. திருவள்ளூர் வீரன்ஸ் என்றிருந்த அணி 2018-இல் காஞ்சி வீரன்ஸ் ஆனபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அணி இங்கே ஆடியதில்லை, சில ஆண்டில் அது நெல்லைக்குப் போய்விட்டது. ஆனாலும் பாபா அபராஜித்தின் ஒவ்வொரு இன்னிங்ஸையும் சொந்தப் பிள்ளையின் பரீட்சைத் தாள் மாதிரி எண்ணினோம். 2019-இல் அத்தி வரதரைப் பார்க்க ஊருக்குள் கால் வைக்க இடமில்லாத நாட்களிலும் திண்டுக்கல்லிலும் திருநெல்வேலியிலும் நடந்த ஆட்டங்களை விடவில்லை.

2018 டி.என்.பி.எல்.-இல் மதுரை அணிக்காகப் பந்து வீசிய வருண் சக்கரவர்த்தியை அந்த டிசம்பரில் பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 20 லட்சம். அடுத்த சீசனில் காயத்தால் ஒரே ஆட்டம். பிறகு கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்து, நடு ஓவர்களை அவர் கையில் கொடுத்தது. 2024-இல் 21 விக்கெட். சாய் சுதர்சன் கதை இன்னும் தெளிவு. 2022-இல் குஜராத் அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது. டி.என்.பி.எல். முதல் முறையாக ஏலம் நடத்திய 2023-இல் கோவை அணி 21.6 லட்சம் கொடுத்தது. உள்ளூர் கண் அவரை ஐ.பி.எல். கண்ணைவிட அதிகமாக மதித்தது. அந்த வருட ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் மூன்றாவதாக இறங்கி 47 பந்தில் 96. 2025-இல் தொடக்கத்தில் இறங்கி 759 ரன், ஆரஞ்சுத் தொப்பி. எந்த இடத்தில் இறக்கினாலும் மேல் வரிசையை விட்டு அவரைக் கீழே தள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2025 டி.என்.பி.எல். கோப்பையைத் திருப்பூர் தமிழன்ஸ் வாங்கியது. அவர்களுடைய தொடக்க ஆட்டக்காரர், விக்கெட் கீப்பர் துஷார் ரஹேஜா பெயருக்கு எதிரே என் நோட்டில் நிறைய பந்துகள் இருக்கின்றன. அவரை ஐ.பி.எல். அணி ஏதாவது எடுத்தால், அங்கே ஏற்கெனவே எத்தனை கீப்பர், எத்தனை தொடக்கக்காரர் என்று பார்த்துவிட்டுத்தான் அவருக்கு எங்கள் விலையைச் சொல்வேன். நெசவாளர் அண்ணன் இப்போதே மூன்று புள்ளி தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.